மூன்றாம் நம்பரில் ஏறாதீர்கள்

தங்கம் வாங்கணும்னா எங்கே போகணும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான் இருளப்பன். செய்கூலி கிடையாது, சேதாரம் கிடையாது, தேர்முட்டிக்கு எதிரே, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. சொல்லி, மூச்சு வாங்கி, முதலிலிருந்து இன்னொரு தடவையும் சொன்னான். எதையும் ரெண்டு தடவை சொல்லணும், ஒரு தடவை சொன்னால் பாதி ஜனத்துக்குக் காதிலேயே விழாது என்பது இந்த வேலைக்கு அவன் வந்து சேர்ந்த அன்றைக்கே தனுஷ்கோடி அண்ணாச்சி போட்ட சட்டம். மைக்கை அணைத்துவிட்டுப் பென் டிரைவைத் தட்டிவிட்டான். இனி பட்டுச்சேலைக் கடைப் பாட்டு, அது முடிந்ததும் மூலம் பௌத்திரம் வைத்தியசாலை, அதற்கும் பின்னால் லாட்ஜ், எல்லாம் தானாக ஓடும். அதுவரைக்கும் வாய்க்கு ஓய்வு, மண்டைக்குத்தான் ஓய்வு இல்லை. பஸ் ஸ்டாண்டின் நட்ட நடுவே, கட்டணக் கழிப்பிடத்துக்கு மேலே, இரும்புப் படியில் ஏறினால் வருகிற இந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கனி கொஞ்சம் முன்னால் போனில் சொன்னதை அவன் திரும்பத் திரும்ப மென்றுகொண்டிருந்தான். கனி அவன் பெண்டாட்டி. விடிந்ததும் மகள் பூமாரியைத் தூக்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனவள். மாசத்தில் ஒரு நாள் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளை டாக்டர்கள் வரிசையாக உட்கார்ந்து பார்த்துச் சான்று கொடுக்கிற முகாம் அங்கேதான் நடக்கும். அந்தச் சான்று கையில் இல்லாமல் எந்த ஆபீஸிலும் ஒரு கதவும் திறக்காது, மாசாமாசம் வருகிற உதவித்தொகையிலிருந்து சக்கர நாற்காலி வரைக்கும். போய்ப் பார்த்தால் முகாம் அங்கே இல்லை. "இடத்தை மாத்திட்டாங்க. பைபாஸ் பக்கம் புதுசா கட்டிருக்காங்கள்ல, அங்க. ஒரு துண்டுச் சீட்டுல எழுதி ஒட்டிருக்காங்க, அதுவும் பாதி கிழிஞ்சு தொங்குது. நான் ஆட்டோ பிடிச்சு வந்து டோக்கன் வாங்கிட்டேன். பதினோரு மணியோட டோக்கனை நிறுத்திருவாங்களாம். இங்க ஆளே இல்லங்க. அம்புட்டுப் பேரும் பழைய இடத்துல போய் முழிச்சுக்கிட்டு நிப்பாங்க. நீங்க சொல்லுங்க." சொல்லுங்க என்றால் ஆள் ஆளாக இல்லை, மைக்கில். அதற்கு அவன் பதில் யோசிப்பதற்குள் போனை வைத்துவிட்டாள்.

சொல்லுங்களாம். லேசாகச் சொல்லிவிட்டாள். இன்றைக்குக் காலையில்தான் அண்ணாச்சி மூச்சிரைக்க இரைக்கப் படியேறி வந்து, கையிலிருந்த டீ கிளாஸைக்கூடக் கீழே வைக்காமல் சொல்லிவிட்டுப் போனார். "ஏப்பா இருளு, பஸ்ஸைச் சொல்லு, விளம்பரத்தைச் சொல்லு, காணாமப்போன பையைச் சொல்லு, வேண்டாங்கல. இந்த முகாமு, மனுவுன்னு இன்னொரு வார்த்தை உன் வாயில இருந்து வந்துச்சு, அதோட சரி. கம்ப்யூட்டர்ல ஒரு பொம்பளைக் குரல் வந்திருக்கு, தெரியும்ல. அது பஸ்ஸும் சொல்லும், விளம்பரமும் சொல்லும், மத்தியானம் வீட்டுக்குச் சாப்பிடப் போறேன்னு கேக்காது." அண்ணாச்சி கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. பஸ் ஸ்டாண்டு ஒலிபெருக்கியை ஏலத்தில் எடுத்து நடத்துகிறவர், விளம்பரம் கொடுக்கிறவன் முகம் கோணாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் பிழைப்பு. போன முகாம் அன்றைக்கு நகைக்கடை விளம்பரத்தைப் பாதியில் அறுத்துவிட்டு இருளப்பன் முகாமைப் பற்றிச் சொல்லப்போக, கடை மேனேஜர் போன் போட்டு அவரைக் காய்ச்சி எடுத்துவிட்டான். திட்டு வாங்கினது அவர், அதனால் இவனைத் திட்டினார், நியாயம்தான். திட்டையெல்லாம் இருளப்பன் எப்போதோ துடைத்துப் போட்டுவிட்டான். துடைக்க முடியாமல் தொண்டையில் மீன் முள்ளாக நின்றது வேறு. அன்றைக்கு அறிவிப்பு முடிந்த கையோடு ஒருத்தி இந்தப் படியேறி வந்தாள். தோளில் ஏழெட்டு வயசுப் பையன், தலை சரிந்து அவள் கழுத்தில் எச்சில் வடித்துக்கொண்டு. சண்டைக்கு வந்திருந்தால் இவனும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பான். அவள் சண்டை போடவில்லை. "அண்ணே, நல்ல மனசுலதான் சொன்னீங்க, கும்பிடுறேன். ஆனா நீங்க மைக்குல, கை கால் வராத பிள்ளைகளோட வந்திருக்கிற தாய்மார்களேன்னு சொன்னதும், கீழ நின்ன அம்புட்டுப் பேரும் என் பிள்ளையைத்தான் திரும்பிப் பாத்தாக. ஒருத்தி கிட்டக்க வந்து அவன் கையில அஞ்சு ரூவாயைத் திணிச்சிட்டுப் போறா. நான் பாட்டுக்கு யாருக்கும் தெரியாமப் போயிருப்பேன்லண்ணே." அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, பையனை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி பார்த்துப் பார்த்து இறங்கிப் போனாள். அவள் கடைசிப் படியைத் தாண்டினதும் இவன் அடுத்த பஸ்ஸின் பெயரைச் சொன்னான். வாயை வைத்துத்தான் இவன் பிழைக்கிறான்.

இப்போது பட்டுச்சேலைப் பாட்டு முடிந்து மூலத்துக்காரன் வந்துவிட்டான். இது இருளப்பனே கணீரென்று பேசிப் பதிவு செய்த விளம்பரம். மூலம், பௌத்திரம், ஆசனவாய் வெடிப்பு, உட்கார முடியவில்லையா, எழ முடியவில்லையா, அறுவை சிகிச்சை இல்லாமல், பத்தியம் இல்லாமல். கீழே ஒரு குடும்பம் பெஞ்சில் உட்கார்ந்து எலுமிச்சைச் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மாமியார், மருமகள், மடியில் இலை. ஆசனவாய் என்று ஆகாயத்திலிருந்து அவன் குரல் அதிர்ந்தபோது அந்த அம்மாள் ஊறுகாயைத் தொட்டு நக்கிக்கொண்டிருந்தாள், முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவனுக்கு மூலம் இருக்குமோ என்று ஒருத்தரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பாருடா இதை என்று இருளப்பனுக்கு ஆத்திரமாக வந்தது. மூலத்துக்கு இல்லாத வெட்கம் பிள்ளைக்கு எங்கிருந்து வந்தது. மூலத்தைச் சொல்லலாம், வழுக்கையைச் சொல்லலாம், பிள்ளை இல்லாதவர்களுக்குப் பிள்ளை பிறக்க வைக்கிற ஆஸ்பத்திரியைப் பற்றி ஒரு நாளைக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்லலாம். பிறந்த பிள்ளைக்குக் கழுத்து நிற்கவில்லை என்றால் எங்கே போகணும் என்று மட்டும் சொல்லக் கூடாது. அது குடும்ப விஷயம். தலையில் துண்டைப் போட்டு மூடித் தூக்கிக்கொண்டு போகணும். கனியும் அப்படித்தான் மூடித் தூக்கிக்கொண்டு அலைந்தாள், பூமாரிக்குக் கழுத்து நிற்காத காலத்தில். தடவு வைத்தியர், மந்திரிக்கிறவர், எண்ணெய் காய்ச்சித் தருகிறவர், ஏசி ரூமில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய டாக்டர். அந்த டாக்டர் பிள்ளையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "வளர வளரச் சரியாயிடும்மா, சில குழந்தைங்க லேட்டாத்தான் வரும்" என்றார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்தார்கள். கும்பிட்டுக்கொண்டே உட்கார்ந்தார்கள். அப்போதும் இருளப்பன் இதே நாற்காலியில் இதே மைக்கில் தங்கம் விற்றுக்கொண்டுதான் இருந்தான். பஸ் ஸ்டாண்டின் பின்வாசலில் சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டிப் போகிற சந்தில், காசு வாங்காமல் இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குக் கை கால் பயிற்சி கொடுக்கிற மையம் ஒன்று இருந்தது. இந்தக் கூண்டின் பின்கண்ணாடியைத் துடைத்தால் அதன் தகரக் கூரை தெரியும். பூமாரிக்கு ஆறு வயசு ஆன பிறகு, ஒரு கண்டக்டர் தன் தங்கச்சி பிள்ளையை அங்கே கூட்டிக்கொண்டு போகிறபோதுதான் இவனுக்கே தெரிந்தது. அங்கிருந்த பயிற்சியாளர் பூமாரியின் காலை மடக்கிப் பார்த்துவிட்டு நீட்டிப் பார்த்தார். பிறகு, "கொஞ்சம் முந்தி வந்திருக்கலாமே சார், இங்கதானே இருக்கீங்க" என்றார். இங்கதானே இருக்கீங்க. அந்த ரெண்டு சொல்லை இருளப்பன் பல் துலக்கும்போது நினைத்துக்கொள்வான், பஸ் பெயர் சொல்லும்போது நினைத்துக்கொள்வான். அத்தனை வருஷமும் தெரிந்தவன் எத்தனை பேர் இந்த ஸ்டாண்டில் நடமாடியிருப்பான். டீக்கடைக்காரனுக்குத் தெரிந்திருக்கும், சைக்கிள் ஸ்டாண்டுக்காரனுக்குத் தெரிந்திருக்கும். ஒருத்தன் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்றால் இவன் கேட்கவில்லை. இவன் ஏன் கேட்கவில்லை என்றால் இவனுக்கு இப்படி ஒரு பிள்ளை இருப்பது அவர்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

இந்த இடத்துக்கு வந்தால் அவன் மனசு எப்போதும் ஒரு எட்டு பின்னால் வைக்கும், இன்றைக்கும் வைத்தது. லாட்ஜ் விளம்பரத்தின் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தான், குறைத்துப் பார்த்தான். இன்றுவரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. பிள்ளை என்ன படிக்குது என்று டைம் கீப்பர் கேட்டால் ஆறாவது என்பான், அடுத்த வருஷம் ஏழாவது என்பான், அவன் வாயிலேயே பூமாரி வருஷா வருஷம் பாஸாகிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சிக்கும் அந்த ஆறாம் வகுப்புப் பிள்ளையைத்தான் தெரியும், தீபாவளிக்கு அவளுக்கென்று நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுப்பார். இவனும் வாங்கிக்கொள்வான். கனி பயிற்சி மையத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இந்த ஸ்டாண்டு வழியாகத்தான் போவாள். அவள் கீழே வருவதை இவன் மேலிருந்து பார்ப்பான், கையைக் காட்ட மாட்டான், அவளும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். பார்க்கிறது பூமாரிதான். தூணுக்குத் தூண் கட்டியிருக்கிற குழாய் ஒலிபெருக்கியிலிருந்து இவன் குரல் வந்ததும் அவளுக்குத் தெரிந்துவிடும். வேறு எந்தச் சத்தத்துக்கும் அசையாத கழுத்து, திருநெல்வேலி செல்லும் பேருந்து என்றதும் மேலே திரும்பும். உடம்பெல்லாம் முறுக்கிக்கொண்டு ஒரு சிரிப்பு சிரிப்பாள், கீச்சென்று, நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி. திருநெல்வேலிக்கு அப்படிச் சிரிக்கிற பிள்ளை உலகத்திலேயே அவள் ஒருத்திதான். கீழே நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள், கனி முந்தானையை இழுத்துப் பிள்ளை முகத்தை மூடிக்கொண்டு வேகமாக நடப்பாள், மேலே இவன் அடுத்த பஸ்ஸைச் சொல்வான். இந்த லட்சணத்தில் இவன் மைக்கில் தாய்மார்களே என்று கூப்பிட்டானாம். எந்தத் தாய் வருவாள். கூண்டுக்குள் பத்திரமாக ஒளிந்து உட்கார்ந்துகொண்டு, வெட்டவெளியில் நிற்கிறவளைக் கைநீட்டிக் காட்டினால் அவள் படியேறி வந்து கேட்கத்தான் செய்வாள். நான் பாட்டுக்கு யாருக்கும் தெரியாமப் போயிருப்பேன்ல. ஆமாம் தாயி, நீ யாருக்கும் தெரியாமல் போயிருப்பாய், நானும் இத்தனை வருஷம் அப்படித்தான் யாருக்கும் தெரியாமல் போனேன். பின்கண்ணாடியைத் துடைத்தால் தெரிகிற தகரக் கூரை தெரியாமல் போனேன். யாருக்கும் தெரியாமல் போகிறவனுக்கு யார் வந்து எதைச் சொல்லுவான்.

சரி, மைக் வேண்டாம், இறங்கிப் போய் ஆள் ஆளாகப் பார்த்துக் காதோடு சொல்லிவிட்டு வந்தால் என்ன. யோசித்துப் பார்த்தான். கூண்டை விட்டு இறங்கினால் அண்ணாச்சி கீழே குளிர்பானக் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறார், எங்கேப்பா என்பார். அவரைத் தாண்டினாலும் ஐந்து நடைமேடை, எந்தப் பஸ்ஸில் எந்த ஊர்க்காரன் வந்து இறங்குவான் என்று தெரியாது, ஒருத்தனிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது ஒன்பது பேர் மூன்றாம் நம்பரில் ஏறிப் போயிருப்பார்கள். மூன்றாம் நம்பர்தான் பெரியாஸ்பத்திரி போகிற டவுன் பஸ். புதுக் கட்டடத்துக்குப் பதினெட்டாம் நம்பர். ரெண்டும் எதிரெதிர்த் திசை. டைம் கீப்பரைக் கூப்பிட்டுச் சொல்லிப் பார்த்தான், கூண்டிலிருந்து அவன் அறைக்குப் போகிற வயர்போனில். "ஏய் எனக்கெதுக்குப்பா, நான் பஸ்ஸை வெளிய விடுவனா, ஆஸ்பத்திரிக்கு ஆள் பிடிப்பனா" என்று அந்த ஆள் சிரித்தான். சிரித்தால் சிரிக்கட்டும். கண்ணாடி வழியாகக் கீழே பார்த்தான். பார்க்க வேண்டாம் என்று எத்தனை தடவை நினைத்தாலும் அவன் கண் அந்த ஜனக்கூட்டத்தில் அவர்களைத்தான் முதலில் பொறுக்கி எடுக்கும். தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிறவன் ஒரு மாதிரித் தூக்குவான், இந்தப் பிள்ளையைத் தூக்குகிறவன் வேறு மாதிரித் தூக்குவான், முதுகுக்கு ஒரு கை, பிடரிக்கு ஒரு கை, பிள்ளை கால் தன் முழங்காலில் இடிக்க இடிக்க. அதோ கிராமத்து பஸ்ஸிலிருந்து இறங்குகிறான் ஒருத்தன். நெற்றியில் திருநீறு, மடித்துக் கட்டின வேட்டி, இடுப்பில் வளர்ந்த பிள்ளை, தலையில் துண்டு. பின்னால் அவன் பெண்டாட்டி, நெஞ்சோடு அணைத்த மஞ்சப்பை, அதற்குள் ஆதார், ரேஷன் கார்டு நகல், போட்டோ, எல்லாம் இருக்கும், அந்தப் பையைப் பிடிக்கிற பிடியிலேயே தெரியும். விடியுமுன் கிளம்பியிருப்பார்கள். பிள்ளைக்குக் கஞ்சி கரைத்து பாட்டிலில் ஊற்றிக்கொண்டு, அவன் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு. இங்கிருந்து மூன்றாம் நம்பரைப் பிடித்துப் பெரியாஸ்பத்திரி போய், பூட்டின கதவைப் பார்த்து நின்று, யாரையோ கேட்டு, அவன் தெரியாது என்று சொல்லி, வாசலில் ஈ மொய்க்கிற மாதிரி நிற்கிற புரோக்கர்களில் ஒருத்தன் வந்து முகாம் முடிஞ்சு போச்சு, நீங்க எதுக்கு அலையுறீங்க, நான் முடிச்சுத் தாறேன் என்று தோளைத் தொடுவான். அதற்குள் பதினோரு மணி தாண்டியிருக்கும். அடுத்தது அடுத்த மாசம். அடுத்த மாசம் இவர்கள் வருவார்களா. அலைச்சல் பொறுக்காமல், எல்லாம் அவன் விட்ட வழி என்று வீட்டிலேயே கிடத்திவிடுவார்கள். இருளப்பனுக்கு அந்த வீடு தெரியும், கோரைப்பாய் தெரியும், பாயில் மல்லாந்தபடி மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணும் தெரியும். அவன் அந்தக் கஞ்சி பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். பையிலிருந்து லேசாக எட்டிப் பார்த்தது, மூடிக்குப் பதில் துணியைச் சுற்றி ரப்பர் போட்டிருந்தார்கள். பூமாரிக்குக் கஞ்சியை விழுங்கத் தெரியாது முதலில், நாக்கால் வெளியே தள்ளிவிடுவாள், தாடையின் கீழ் ரெண்டு விரலை வைத்து மெல்லத் தடவினால் விழுங்குவாள் என்பதைச் சொல்லிக்கொடுத்தது அந்த மையத்தில்தான். ஒரு சின்ன விஷயம். யாரோ ஒருத்தர் வாயைத் திறந்து சொன்னதால் கனியும் பூமாரியும் ரெண்டு மணி நேரம் அழாமல் பத்து நிமிஷத்தில் சாப்பிட்டு முடிக்கிறார்கள். அந்த மஞ்சப்பைக்காரிக்கு அது தெரியுமோ தெரியாதோ.

அப்போது அவன் காதில் அவன் குரல் கேட்டது. "பெரியாஸ்பத்திரி வழியாகக் காந்தி நகர் செல்லும் மூன்றாம் எண் நகரப் பேருந்து, இரண்டாவது நடைமேடையிலிருந்து புறப்படத் தயாராக உள்ளது." யாரடா பேசுகிறது என்று ஒரு கணம் அவனுக்கே புரியவில்லை. சுவிட்சின் மேல் அவன் விரல் இருந்தது. டைம் கீப்பர் பெல் அடித்திருக்கிறான், பெல் அடித்தால் விரல் அமுக்கும், விரல் அமுக்கினால் வாய் பேசும், மண்டை எந்த லோகத்தில் இருந்தாலும் சரி. பழகின வாய். கல்யாண வீட்டில் தூங்கும்போது பஸ் பெயர் சொல்லி எல்லாரும் சிரித்த வாய். அது தன்பாட்டுக்கு ரெண்டாவது தடவையையும் சொல்லி முடித்தது, பெரியாஸ்பத்திரி என்ற இடத்தில் கொஞ்சம் இழுத்து, எல்லாருக்கும் நன்றாக விளங்குகிற மாதிரி. கீழே, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்த அந்தத் திருநீற்றுக்காரன் தலையைத் தூக்கினான். குரல் வந்த குழாயை நன்றியோடு பார்த்தான். பெண்டாட்டியிடம் தாடையால் ஜாடை காட்டிவிட்டு ரெண்டாவது நடைமேடைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனான், பிள்ளையின் கால் அவன் தொடையில் இடிக்க இடிக்க. அவன் பின்னாலேயே, அந்தப் பக்கம் தூணோரம் நின்ற இன்னொருத்தியும் தன் பிள்ளையை வாரிக்கொண்டு ஓடினாள். அவளைத் தூண் மறைத்திருந்ததால் இவன் பார்த்திருக்கவே இல்லை. இவன் சொல்லித்தான் ஓடுகிறார்கள். இவன் குரலை நம்பித்தான் படியில் கால் வைக்கிறார்கள். இத்தனை நேரம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்ததென்ன, தெரிந்தவன் வாயைத் திறக்கவில்லை என்று ஊரைத் திட்டினதென்ன. வாயைத் திறக்காதவன்கூடத் தேவலை, அவன் பாட்டுக்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தான். நீ வாயைத் திறந்து, மைக்கில், ரெண்டு தடவை, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவனைப் பொத்தல் வாளியால் தண்ணீர் இறைக்க அனுப்பியிருக்கிறாய். டிரைவர் ஏறி உட்கார்ந்துவிட்டான். இன்ஜின் இரைகிறது. இருளப்பனுக்குக் காது சூடாகி, நெற்றி சூடாகி, பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. போங்கடா நீங்களும் உங்கள் சேதாரமும். கம்ப்யூட்டர் பொம்பளையைக் கொண்டுவந்து இந்த நாற்காலியில் உட்கார வையுங்கள், அவளாவது தெரியாமல் சொல்லுவாள். நான் தெரிந்துகொண்டு சொல்ல மாட்டேன். எழுந்து கூண்டின் கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டான். பென் டிரைவைப் பிடுங்கினான், லாட்ஜுக்கு அடுத்து ஓடிக்கொண்டிருந்த நகைக்கடைக்காரியின் கொஞ்சல் பாதியில் நின்றது, பஸ் ஸ்டாண்டே ஒரு கணம் செவிடான மாதிரி இருந்தது. சுவிட்சை அமுக்கினான்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மூன்றாம் எண் பேருந்தின் ஓட்டுநர் வண்டியை எடுக்க வேண்டாம். முகாமுக்காகப் பெரியாஸ்பத்திரி போகிறவர்கள் மூன்றாம் நம்பரில் ஏறாதீர்கள், ஏறியிருந்தால் இறங்கிவிடுங்கள். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குச் சான்று கொடுக்கிற முகாம் இன்றைக்கு அங்கே இல்லை. பைபாஸ் பக்கம் புதுக் கட்டடத்தில் நடக்கிறது. ஐந்தாவது நடைமேடையில் நிற்கிற பதினெட்டாம் நம்பரில் ஏறுங்கள். பதினோரு மணிக்குள் டோக்கன் வாங்கணும், இப்போது கிளம்பினால் போய்ச் சேர்ந்துவிடலாம். டோக்கனுக்குக் காசு கிடையாது. முடித்துத் தருகிறேன் என்று எவன் வந்து தோளைத் தொட்டாலும் கையைத் தட்டிவிடுங்கள்." இரும்புப் படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. அண்ணாச்சி. கதவு அதிர்ந்தது. "ஏ இருளு, கதவைத் திற. லேய், திறலே கதவை." இருளப்பன் மைக்கை இன்னும் கிட்டத்தில் இழுத்துக்கொண்டான். வேலை போனது போனதுதான், போகிற வேலையில் பாதியை எதற்கு மிச்சம் வைப்பது. "இன்னொரு விஷயம். நம்ம பஸ் ஸ்டாண்டு பின்வாசல் வழியாப் போனா, சைக்கிள் ஸ்டாண்டை ஒட்டி ஒரு சந்து. அதுல பிள்ளைகளுக்குக் கை கால் பயிற்சி குடுக்கிற மையம் இருக்கு. காசு வாங்கறதில்ல. பிள்ளைக்குக் கழுத்து நிக்கலையா, உட்காரலையா, கைக்குழந்தையா இருக்கும்போதே தூக்கிட்டுப் போங்க. வளர வளரச் சரியாயிடும்னு எவ்வளவு பெரிய டாக்டர் சொன்னாலும் வீட்டுல உட்கார்ந்துறாதீங்க. நாங்க உட்கார்ந்துட்டோம்." கதவு மறுபடி அதிர்ந்தது. கீழே கூட்டத்தில் தலைகள் அசைய ஆரம்பித்துவிட்டன. அவனுக்குத் தெரியும் அந்த அசைவு, யார் பிள்ளை, எங்கே, எங்கே என்று கழுத்து நீள்கிற அசைவு. மூன்றாம் நம்பரின் படியில் அந்தத் திருநீற்றுக்காரன் ஒரு காலைத் தரையிலும் ஒரு காலை மேலேயும் வைத்துக்கொண்டு, பிள்ளை தலையில் துண்டை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டிருந்தான். இறங்கினால் எல்லாரும் பார்ப்பார்கள். அதனால் இறங்காமல் நிற்கிறான். இறங்க மாட்டான் போலிருந்தது.

"நில்லுங்க. யாரும் யாரையும் திரும்பிப் பாக்க வேண்டாம். பாத்தே ஆகணும்னா மேல பாருங்க. கக்கூஸுக்கு மேல, கண்ணாடிக் கூண்டு. இங்க. என் பேரு இருளப்பன். தினமும் உங்களுக்குத் தங்கமும் மூலமும் சொல்றவன் நான்தான். என் மக பேரு பூமாரி, பதினோரு வயசாகுது. ஆறாவதெல்லாம் படிக்கல. நடக்க மாட்டா, பேச மாட்டா, மூளை முடக்குவாதம். என் குரலைக் கேட்டாச் சிரிப்பா. இப்ப அந்தப் புதுக் கட்டடத்துல அவ அம்மா மடியில உட்கார்ந்திருக்கா. பாக்கிறவங்க எல்லாரும் என்னையப் பாத்துக்கோங்க." சொல்லிவிட்டு அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றான், மைக்கின் கழுத்தை வளைத்து வாய்க்கு நேரே உயர்த்திக்கொண்டு, கண்ணாடியோடு கண்ணாடியாக, நெஞ்சு வரைக்கும் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி. கீழே முகங்கள் நிமிர்ந்தன. எலுமிச்சைச் சாதக்காரி நிமிர்ந்தாள், டீக்கடைக்காரன் ஆற்றின டீயைக் கையில் பிடித்தபடி நிமிர்ந்தான், சைக்கிள் ஸ்டாண்டுக்காரன், கண்டக்டர்கள், விசிலை வாயில் வைத்த டைம் கீப்பர். இத்தனை வருஷத்தில் ஒருத்தன் இந்தக் கூண்டை நிமிர்ந்து பார்த்தது கிடையாது, இப்போது அத்தனை கண்ணும் அவன் மேல் இருந்தது. அவன் கண்ணாடியை விட்டு நகரவில்லை. எல்லாரும் மேலே பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் கீழே ஒருத்தரும் பார்க்காமல் திருநீற்றுக்காரன் படியிலிருந்து இறங்கினான். அவன் பெண்டாட்டி இறங்கினாள். தூணோரத்துக்காரி இறங்கினாள். அந்தப் பக்கம் டிக்கெட் கவுன்ட்டர் நிழலிலிருந்து, இவன் கண்ணுக்கே தப்பின இன்னும் ரெண்டு பேர் பிள்ளைகளோடு எழுந்து ஐந்தாவது நடைமேடையைப் பார்த்து நடந்தார்கள். கதவு தட்டுகிற சத்தம் எப்போது நின்றது என்று இருளப்பன் கவனிக்கவில்லை. படியிறங்கிப் போகிற சத்தமும் கேட்கவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணாச்சி நின்றுகொண்டுதான் இருக்கணும், நோட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்தவர். அவர் என்ன நினைக்கிறார் என்று திரும்பிப் பார்க்க இப்போது நேரமில்லை. மேற்கே, வெளியூர் பஸ் உள்ளே வருகிற வாசலில் இன்னொரு கிராமத்து வண்டி திரும்பிக்கொண்டிருந்தது, அதில் வருகிறவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. ஒரு தடவை சொன்னால் பாதி ஜனத்துக்குக் காதிலேயே விழாது. உட்காராமலே மூச்சை இழுத்துக்கொண்டு, பயணிகளின் கனிவான கவனத்திற்கு என்று இருளப்பன் முதலிலிருந்து ஆரம்பித்தான்.